ஓடாத பல்லுக்குப் பெரிய கேமரா

கேமரா விஷயத்துல என்கிட்ட யாரும் யோசனை கேக்காதீங்க. கேட்டா சொல்லுவேன். சொன்னா நீங்க கேக்க மாட்டீங்க. அப்புறம் எனக்குத்தான் ரத்தக் கொதிப்பு ஏறும். மாடிவீட்டு அண்ணன் விஷயத்துல ஏறினது இன்னும் முழுசா இறங்கல.

என் கடை கீழ் வீட்டு முன்னறை. ஜெராக்ஸ், லேமினேஷன், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. ஒரு நீலத் துணி, ஒரு ஸ்டூல், ரெண்டு குடை விளக்கு, அப்புறம் உள்ளங்கையில அடங்குற ஒரு சின்ன டிஜிட்டல் கேமரா. பொத்தானை அமுக்கினா படம், அவ்வளவுதான் அதோட வித்தை. அதுல எத்தனையோ ஆயிரம் முகம் எடுத்தாச்சு. இது நான் இல்லன்னு ஒருத்தர்கூடத் திருப்பிக் கொடுத்ததில்ல. இவ்வளவு வயசாவா தெரியுதுன்னு கேட்டவங்க உண்டு. அதுக்குக் கேமரா என்ன பண்ணும்.

எனக்கு நேர் மேல மாடியில பல் செய்யிற வீடு. அவங்க டாக்டர் இல்ல. டாக்டருங்க பல்லை ராவி அச்செடுத்து அனுப்புவாங்க, அந்த ராவின பல்லு மேல மாட்டுற கேப்பைச் செஞ்சு தர்றது இவங்க பிழைப்பு. செய்யறது அக்கா. அண்ணனுக்கு ஓட்டம். மோட்டார் சைக்கிள்ல ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாப் போய் அச்சு வாங்கிட்டு வருவாரு, செஞ்சு முடிச்சதைக் கொண்டுபோய்க் கொடுப்பாரு. தெருவுக்கே அவங்க பல்லக்கா. இவரு பல்லக்கா வீட்டுக்காரர். இவருக்குன்னு தனியா ஒரு பேர் இருக்கிறது தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும்.

அக்கா வேலை செய்யறதைப் பாத்தா நாம செய்யறதெல்லாம் வேலைன்னே தோணாது. ஜன்னலோரமா ஒரு மேசை. கண்ணாடித் தட்டுல பீங்கான் பொடியைக் கொட்டி, சொட்டுத் தண்ணி விட்டுக் குழைச்சு, பிரஷ் நுனியில எடுத்து எடுத்துக் கட்டுவாங்க. டிஷ்யூ பேப்பரை ஒத்தி ஈரத்தை உறிஞ்சணும். ஈரம் அதிகமானா சரியும், காஞ்சா வெடிக்கும். அதனால கட்டுற நேரத்துல ஃபேன் கிடையாது. அந்த வெக்கையில, முதுகெல்லாம் நனைஞ்சு ஒட்ட, மூச்சைக்கூடப் பாத்துத்தான் விடுவாங்க. கட்டினதைச் சுடுற சின்னச் சூளையில வச்சா கேப் சுருங்கும்னு முன்கூட்டியே பெருசாக் கட்டணும். சுடுறதுக்கு முன்னாடி எல்லாப் பொடியும் ஒரே சுண்ணாம்பு மாதிரிதான் இருக்கும். வெந்து வந்தாத்தான் நிறம். எந்தப் பொடி எப்படி வரும்ங்கிறது இருபத்தஞ்சு வருஷமா அவங்க மண்டைக்குள்ள இருக்கு.

நிறம் பாக்குறதுக்குன்னு அவங்ககிட்ட ஒரு பழக்கம். பதினாறு பொய்ப்பல்லை வரிசையாச் சொருகின ஒரு பட்டை இருக்கும். இருக்கிறதுலயே வெளுத்த பல்லுல இருந்து பழுத்த பல்லு வரைக்கும் அதுல உண்டு. அதுல ஒண்ணை எடுத்துப் பக்கத்துல பிடிச்சாங்கன்னா இடது கண்ணு தானா மூடிக்கும். வலது கண்ணால மட்டும்தான் பாப்பாங்க. கேட்டா, "வலது நிறக்கண்ணு தம்பி. இடது வழி பாக்குற கண்ணு"ன்னு சிரிப்பாங்க. பூதக்கண்ணாடியில ஒத்தைக் கண்ணால பாத்துப் பாத்து வந்த பழக்கமா இருக்கும். காய்கறி வாங்கினாலும் அப்படித்தான், துணி எடுத்தாலும் அப்படித்தான். கடைக்காரன் கண்ணடிக்கிறாங்கன்னு நினைச்சுக்காம இருந்தாச் சரி.

ஒவ்வொரு பல்லையும் நேர்ல போய்ப் பாக்க முடியாதில்லையா. அதனால டாக்டர் ஒரு பொய்ப்பல்லை நோயாளி பல்லோட சேத்துப் பிடிப்பாங்க, அண்ணன் ரெண்டையும் ஒண்ணாப் படம் எடுப்பாரு, நான் அச்சுப் போட்டுத் தருவேன், அதைப் பாத்து அக்கா கட்டுவாங்க. படம் எடுக்கிற கேமரா என்னோடது. அச்சுப் போடுற மெஷினும் என்னோடது. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, ஏன்னா பழி வந்தப்ப ரெண்டுமே என் தலையிலதான் விழுந்துச்சு.

கேப் திரும்பி வர ஆரம்பிச்சது வெயில் காலத்துல. மொத கேப் வந்தப்ப யாரும் பெருசா எடுத்துக்கல. மஞ்சளா இருக்குதுன்னு பல் டாக்டரம்மா ஒருத்தங்க சீட்டு எழுதி அனுப்பியிருந்தாங்க. அக்கா வேற செஞ்சு கொடுத்தாங்க. அடுத்த வாரம் ரெண்டு வந்துச்சு. அப்புறம் வாரம் தவறாம வந்துச்சு. எல்லாத்துலயும் ஒரே சொல்லு, மஞ்சள், மஞ்சள், மஞ்சள். அக்கா சிரிக்கிறதை நிறுத்தினாங்க. அப்புறம் சாப்பிடுறதை. மத்தியானம் டீயும் ரொட்டியும் மேசையிலயே ஆறிக்கிடக்கும், எறும்பு வந்து மிச்சத்தைப் பாத்துக்கும்.

அதுல பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தங்களோட முன்பல்லுதான் பெரிய தலைவலி. கடைவாய்ப் பல்லுன்னா கொஞ்சம் முன்னபின்ன இருந்தா எவன் பாக்கப் போறான். இது நட்டநடு முன்பல்லு. பக்கத்துலயே சொந்தப் பல்லு சாட்சியா நிக்குது. அது ரெண்டு தடவை திரும்பி வந்துச்சு. அண்ணன் ஓடுற ஓட்டத்துல பாதிக்கு மேல அந்த டாக்டரம்மா ஆஸ்பத்திரிக்குத்தான். அவங்க நல்லவங்க, சத்தம் போடல. இன்னும் ரெண்டு தடவை பாக்குறேன், அப்பவும் சரியா வரலைன்னா எல்லா வேலையையும் கம்ப்யூட்டர்ல பல் செய்யிற இடத்துக்கு மாத்துறதைத் தவிர வழியில்லைன்னு நிதானமாச் சொல்லிட்டாங்க. அவங்க போனா மத்தவங்களும் போவாங்க. அப்புறம் சூளையில சோறுதான் வடிக்கணும்.

அன்னைக்குச் சாயங்காலம் அண்ணன் ஹெல்மெட்டைக்கூடக் கழட்டாம கடைக்குள்ள வந்து, எல்லாம் உன் கேமராவால வந்த வினைன்னாரு.

எனக்கு எப்படி இருக்கும்? சின்னக் கேமரா நிறத்தை மாத்துதாம். ஃப்ளாஷ் அடிச்சா பல்லை வெளுக்குதாம், அடிக்கலைன்னா மஞ்சளாக்குதாம். கிட்டப் போனா ஃபோகஸ் ஆக மாட்டேங்குதாம். எங்கேயோ படிச்சுட்டு வந்து, லென்ஸைக் கழட்டி மாட்டுற பெரிய கேமரா வாங்கணும், அதுதான் உண்மையைக் காட்டும்னு ஒரு பிரசங்கம். அண்ணே, பறவை படம் எடுக்கப் போறீங்களா, பந்தயம் எடுக்கப் போறீங்களா, பல்லு ஓடவா போகுது, ஓடாத பல்லுக்கு எதுக்குப் பெரிய கேமரான்னு கேட்டேன். இதே கேமராவுல நாலு வருஷமா எடுத்தீங்களே, அப்பல்லாம் ஒண்ணும் திரும்பி வரலையே, இப்ப மட்டும் என்ன வந்துச்சுன்னும் கேட்டேன். அவரு ஹெல்மெட்டுக்குள்ள இருந்து என்னையே பாத்துக்கிட்டு நின்னாரு. பதில் இல்லாதவன் அப்படித்தான் நிப்பான்னு நினைச்சுக்கிட்டேன்.

அக்காவும் வேண்டாம்னுதான் சொன்னாங்க. சூளைக்கு உள்கூடு மாத்த வேண்டியிருந்துச்சு, அதுக்குச் சேத்து வச்சதை இதுல போடாதீங்கன்னாங்க. ஆனா சொன்ன குரல்ல உசிரே இல்ல. கேமராவா இருந்தாத் தேவலைன்னு அவங்களுக்கும் உள்ளுக்குள்ள ஒரு ஆசை இருந்திருக்கும் போல.

கேமராக் கடைக்கு என்னையும் இழுத்துக்கிட்டுப் போனாரு. யோசனை கேக்குறதுக்காம். கடைக்காரர் ரெண்டு கேமராவை மேசை மேல வச்சு, எதுக்கு சார்னு கேட்டாரு. பல்லுக்குன்னாரு அண்ணன். கடைக்காரர் என்னைப் பாத்தாரு, நான் கூரையைப் பாத்தேன். ஒண்ணு என்னோடதை விட நல்ல சின்னக் கேமரா. கிட்ட வச்சு எடுக்கலாம், நிறத்தைக் கையால திருத்தலாம், பல்லுக்கு அது தாராளம். இன்னொண்ணு செங்கல் கணக்கா ஒண்ணு. அதுக்குத் தனியா லென்ஸ், லென்ஸ் மூஞ்சியில மாட்டுற வட்ட ஃப்ளாஷ், அதைத் தூக்கிச் சுமக்க ஒரு பை. பின்னாடி திரையில பாக்காம, மேல இருக்கிற ஓட்டையில ஒத்தைக் கண்ணை வச்சுப் பாக்கணும். லென்ஸ் வழியா வர்ற வெளிச்சம் உள்ள இருக்கிற கண்ணாடியில பட்டு நேரா கண்ணுக்கே வருது சார், நடுவுல ஒண்ணுமே இல்லைன்னாரு கடைக்காரர். அண்ணன் அதுலயே விழுந்துட்டாரு. நான் சின்னதைக் காட்டி எவ்வளவோ சொன்னேன். செவிடன் காதுல ஊதின சங்குதான்.

அப்பத்தான் அவரு சட்டையைக் கவனிச்சேன். வெள்ளைச் சட்டை. ஆனா பட்டன் நாலும் நல்ல மஞ்சள் நூல்ல தச்சிருந்துச்சு. என் எரிச்சலுக்கு ஒரு வடிகால் கிடைச்சது. என்ன அண்ணே, புது ஃபேஷனான்னேன். சட்டுனு கையை நெஞ்சுல வச்சு மறைச்சுக்கிட்டு, "அதை விடு தம்பி"ன்னாரு. பெரிய கேமராவையே பொட்டி கட்டச் சொன்னாரு.

உண்மையைச் சொல்லிடணும், படம் அபாரம். பல்லுல இருக்கிற மயிரிழைக் கீறல்கூடத் தெரிஞ்சது. நானே அச்சுப் போட்டுட்டு வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பாத்தேன். அக்கா ஃபேனை அணைச்சுட்டு ரெண்டு நாள் உக்காந்து டீச்சர் பல்லை மூணாவது தடவையாக் கட்டினாங்க.

நாலாம் நாள் திரும்பி வந்துச்சு. மஞ்சள்.

அண்ணன் மேல எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்ல. சொன்னேன்ல நான், சொன்னேன்லன்னு படியேறிப் போனேன். அக்கா அந்தக் கேப்பை உள்ளங்கையில வச்சு உருட்டிக்கிட்டு இருந்தாங்க. அதைப் பாத்ததும் என் சத்தம் அடங்கிப் போச்சு. டாக்டரம்மா, படமெல்லாம் வேண்டாம், நாளைக்கு டீச்சரையே உங்க வீட்டுக்கு அனுப்புறேன், நேர்ல பாத்துச் செய்ங்க, இதுதான் கடைசின்னு சொல்லி அனுப்பியிருந்தாங்க.

மறுநாள் காலையில டீச்சர் வந்தாங்க. பேசும்போது மேலுதடு பல்லை விட்டு விலகாமப் பாத்துக்கிற பழக்கம் அவங்களுக்கு வந்திருந்துச்சு. பாவமாத்தான் இருந்துச்சு. ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டு, உதட்டை ரெண்டு பக்கமும் விலக்கிப் பிடிக்கிற பிளாஸ்டிக் கிளிப்பை அக்கா மாட்டினாங்க. வாய் முழுக்கப் பல்லுதான் தெரியுது, பேச முடியாது. நேர்ல பாத்தாலும், கட்டும்போது பாத்துக்க ஒரு படம் வேணுமே, இன்னைக்கு நானே எடுக்கிறேன்னு அக்கா கேமராவைக் கையில வாங்கினாங்க. எப்படிப் பிடிக்கணும்னு சொல்லிக்கொடுக்க நான். அண்ணன் கதவோரமா நின்னாரு.

அக்கா வலது கண்ணை ஓட்டையில வச்சாங்க. இடது வழக்கம் போல மூடிக்கிச்சு. பொய்ப்பல் ஒண்ணைப் பக்கத்துல பிடிச்சு, சரியா இருக்கு, இதே நிறம்தான்னாங்க. அதுக்குள்ள பொடித் தூசியோ என்னவோ, வலது கண்ணுல தண்ணி கட்டிக்கிச்சு. தோள்ல கண்ணைத் துடைச்சுக்கிட்டு, எடுத்த கேமராவைக் கீழ வைக்க மனசில்லாம இடது கண்ணை வச்சாங்க.

மறுபடி வலது கண்ணை வச்சாங்க. மறுபடி இடது.

"தம்பி, இந்தக் கேமராவுல ரெண்டு விதமாத் தெரியுதே."

நான் வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடி அண்ணன் பாஞ்சு வந்தாரு. கேமராவே கோளாறு, நான் ஏமாந்துட்டேன், இன்னைக்கே கொண்டுபோய் அந்தக் கடைக்காரன் மூஞ்சியில எறியறேன், கொடுன்னு பிடுங்கப் போனாரு. ஒரு மாசமா அதைத் தலையில வச்சு ஆடின மனுஷன்! எனக்கு ஒண்ணுமே புரியல. இருங்க அண்ணே, கண்ணை மூடிக்கிட்டுக் குத்தம் சொல்லாதீங்கன்னு நான் வாங்கி வலது கண்ணால பாத்தேன், இடது கண்ணால பாத்தேன். ஒரே பல்லு, ஒரே நிறம். பிடிச்சிருந்த பொய்ப்பல்லு மட்டும் பக்கத்துப் பல்லை விட நல்லாவே மஞ்சள். அண்ணன் என் காலை மிதிச்சாரு. எதுக்கு மிதிக்கிறாருன்னு யோசிக்கிற புத்தி எனக்கு இருந்தா நான் ஏன் ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். வேண்டாம்னு நான் சண்டை போட்ட அதே கேமராவுக்கு நானே வக்கீலாகி, இதுல ஒரு கோளாறும் இல்ல, பத்தரைமாத்துக் கேமரான்னு அடிச்சுச் சொன்னேன். டீச்சர் வாயைத் திறந்தபடி எங்க மூணு பேரையும் மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டு இருந்தாங்க.

அக்கா கேமராவை மேசையில வச்சாங்க. அச்சுப் போடுற வெள்ளைத் தாள் ஒண்ணை எடுத்து ஜன்னலுக்கு நேராப் பிடிச்சாங்க. ஒரு கையால வலது கண்ணை மூடிப் பாத்தாங்க. அப்புறம் இடதை மூடிப் பாத்தாங்க. அவங்க வாழ்க்கையில இடது கண்ணால நிறம் பாத்தது அன்னைக்குத்தான் முதல் தடவை. தாளை மேசையில வச்சாங்க.

"இதுல வெள்ளையா இருக்கு. இதுல டீத்தண்ணி விழுந்த மாதிரி இருக்கு"ன்னாங்க.

கண்ணுல புரைன்னு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கல. நிறக்கண்ணுன்னு நம்பின கண்ணுலதான் அது வந்து உக்காந்திருக்கு. நல்ல கண்ணை இழுத்து மூடிக்கிட்டு, கெட்ட கண்ணால பாத்துப் பாத்துப் பல்லு கட்டியிருக்காங்க. மஞ்சள் எவ்வளவு கூடினாலும் அந்தக் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. அண்ணனைப் பாத்தேன். அவரு முகத்துல ஆச்சரியமே இல்ல. அதை அக்காவும் பாத்துட்டாங்க.

"உங்களுக்குத் தெரியுமா?"

அண்ணன் தரையைப் பாத்தாரு. அக்கா கிட்ட வந்தாங்க. இடது கண்ணால அவரு போட்டிருந்த அதே வெள்ளைச் சட்டையைப் பாத்தாங்க. பட்டனைப் பிடிச்சுத் திருப்பிப் பாத்தாங்க.

"நான்தானே தச்சேன் இதை."

"ஆமா. வெள்ளை நூல்னு சொல்லித்தான் தச்சே. அப்பவே தெரிஞ்சுபோச்சு. எப்படிச் சொல்லுவேன்? கண்ணுதான் உனக்குச் சோறு, கண்ணுதான் உனக்குப் பெருமை. கேமரா மேல பழியைப் போட்டா கொஞ்ச நாள் ஓடும்னு பாத்தேன். நல்ல கேமரா வந்தா, படத்துலயாவது உனக்குத் தெளிவாத் தெரியாதான்னும் ஒரு நப்பாசை."

எனக்குச் சுருக்குன்னுச்சு. ஒரு மாசமா முட்டாள் முட்டாள்னு நான் திட்டின மனுஷன் பொண்டாட்டிக்காக முட்டாள் வேஷம் கட்டியிருக்காரு. அக்கா இப்ப அழுவாங்க, நாம மெதுவாக் கீழ இறங்கிடணும்னு நினைச்சேன். அக்கா அழல. அவங்க அப்படிக் கோபப்பட்டு அதுக்கு முன்னாடி நான் பாத்ததில்ல. சத்தம் மட்டும் ஏறவே இல்ல.

"கண்ணு போச்சுன்னா அறுத்துச் சரிபண்ணிடுவாங்க. அடுத்த வாரமே வேலைக்கு உக்காந்துடலாம். நான் என்ன நினைச்சுக்கிட்டு இருந்தேன் தெரியுமா? கை போச்சுன்னு நினைச்சேன். இத்தனை வருஷம் கழிச்சு எனக்கு வேலை மறந்துபோச்சுன்னு நினைச்சேன். அதுக்கு எங்க போய் எவன்கிட்டக் காட்டுறது? தினம் படுத்துக்கிட்டு விரலை மடக்கி மடக்கிப் பாப்பேன். நீங்க பக்கத்துலதான் படுத்திருந்தீங்க. ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தாரு. நீ கஷ்டப்படுவியேன்னு தொடங்கினவரு பாதியில நிறுத்திட்டாரு. கஷ்டப்பட்டது எதிர்லயே நிக்குது.

அப்பத்தான் நாற்காலிப் பக்கத்துல இருந்து ஒரு முனகல். டீச்சரை அம்போன்னு விட்டுட்டோம். கிளிப் மாட்டின வாயில எச்சில் வழியுது, கண்ணும் கலங்கியிருக்கு. வாய் வலியில கலங்குச்சா, கேட்டதுல கலங்குச்சான்னு தெரியல. அக்கா ஓடிப்போய்த் துடைச்சுவிட்டு, மன்னிச்சுக்கோங்க டீச்சர், ஒரே நிமிஷம்னு சொல்லி, வலது கண்ணை மூடிக்கிட்டுப் பட்டையில இருந்து ஒவ்வொரு பொய்ப்பல்லா எடுத்துப் பிடிச்சுப் பாத்தாங்க. நாலாவது பல்லுல நின்னாங்க. அதையும் சேத்துப் படம் எடுத்தாங்க. டீச்சரைப் படிவரைக்கும் போய் அனுப்பிட்டு வந்து, டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணினாங்க. கேமராவால இல்ல டாக்டர், என் வலது கண்ணுல புரை, எனக்கே இன்னைக்குத்தான் தெரியும், இந்தக் கேப்பை இடது கண்ணால கட்டித் தரேன், பாத்துட்டு முடிவு பண்ணுங்கன்னு கூட்டாமக் குறைக்காமச் சொன்னாங்க. அந்தப் பக்கம் என்ன பதில் வந்துச்சோ, சரிங்க டாக்டர், நீங்க சொல்ற ஆஸ்பத்திரியிலயே காட்டுறேன்னு வச்சாங்க.

போன்ல பேசினப்ப இருந்த தெம்பு மேசைக்கு வந்ததும் இல்ல. பிரஷ்ஷை எடுத்தாங்க, வச்சாங்க. இடது கண்ணை நம்ப அவங்களுக்கு மனசு வரல. இருபத்தஞ்சு வருஷமா வழி பாக்க மட்டும் வச்சிருந்த கண்ணு இல்லையா. நான் கிளம்புறேன்கான்னேன். இருங்க தம்பின்னு சொல்லிட்டு, உள்ள போய் நூல் டப்பாவைக் கொண்டுவந்து மேசையில கவுத்தாங்க. வெள்ளை, சந்தனம், பால் நிறம், வெளிர் மஞ்சள்னு ஏழெட்டு நூல்கண்டு. வலது கண்ணு மேல கைக்குட்டையைச் சாய்ச்சுக் கட்டிக்கிட்டு, ஒண்ணை எடுத்து என்கிட்ட நீட்டினாங்க.

"என்ன நிறம்?"

"வெள்ளைக்கா."

"சத்தியமா?"

"ஜெராக்ஸ் தாள் மாதிரி வெள்ளைக்கா."

கத்தரிக்கோலை எடுத்துக்கிட்டு அண்ணன்கிட்டப் போனாங்க. சட்டையைக் கழட்டித் தரேன்னாரு. கழட்டவும் விடல. நின்ன நிலையிலயே நாலு பட்டனையும் வெட்டி எடுத்தாங்க. மஞ்சள் நூலெல்லாம் தரையில விழுந்துச்சு. ஊசியில நூல் கோக்க மூணு தடவை தவறிச்சு. அண்ணன் கையை நீட்டினாரு. தட்டிவிட்டாங்க. நாலாவது தடவை நூல் ஏறிச்சு. மொத பட்டனை வச்சுத் தைக்க ஆரம்பிச்சாங்க. ஃபேன் ஓடல, கேப் கட்டுற மாதிரியே மூச்சை அடக்கித் தச்சாங்க. அண்ணனுக்குத்தான் நெஞ்சு குலுங்கிச்சு. அழுறாரா என்னன்னு நான் கிட்டப் போய்ப் பாக்கல.

"ஆடாம நில்லுங்க"ன்னாங்க அக்கா. "இந்தக் கண்ணுக்கு இன்னும் பழக்கம் இல்ல."